ஜெகதீசனின் ஊமைக் கீபோர்டு

திண்டிவனத்தில் லாரி எடைமேடையில் சீட்டு போட்டுக் கொடுக்கிற ஜெகதீசனை மல்லாட்டை என்கிற வேர்க்கடலை மூட்டை ஏற்றுகிறவர்கள் எல்லோருக்கும் தெரியும். கீபோர்டு வாசிக்கிற ஜெகதீசனை அவ்வளவு பேருக்குத் தெரியாது. இரண்டும் ஒரே ஆள்தான். நாற்பத்துநாலு வயசு, ஒல்லி உடம்பு. விரல் மட்டும் ஒரு நிமிஷம் சும்மா இருக்காது. சீட்டு அச்சாகி வருவதற்குள் மேஜையில் ஒரு பாட்டு தட்டி முடித்துவிடுவான். "யோவ், எடை போடுறியா, கச்சேரி பண்றியா?" என்று லாரிக்காரர்கள் சத்தம் போடுவார்கள்.

எனக்கு மைக்செட் தொழில். ரிப்பேரும் பார்ப்பேன். அவன் ஆர்கெஸ்ட்ராவில் வாசித்த காலத்திலிருந்தே பழக்கம். போன ஆடி மாசம் அவன் வீட்டில் நடந்ததைப் பற்றி ஊரில் கண்டபடி பேசிக்கொள்கிறார்கள். அவன் பெண்டாட்டிக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்கிறவனும் உண்டு, அவன் ஏதோ மருந்து வைத்தான் என்கிறவனும் உண்டு. கூட இருந்து பார்த்தவன் நான். நடந்தது இதுதான்.

மூணு வருஷத்துக்கு முன்னால் திருவாமாத்தூரில் ஒரு கச்சேரி. நடுவில் மழை பிடித்துக்கொண்டது. மேடைக்கு மேலே கட்டியிருந்த தார்ப்பாய் பானை மாதிரி தொங்கி, ஒரு பக்கம் அவிழ்ந்து, மொத்தத் தண்ணீரும் கீபோர்டு மேல் கொட்டியது. மறுநாள் அதை என் கடைக்குத் தூக்கிக்கொண்டு வந்தான்.

"அண்ணா, பொழைக்குமா?"

பிரித்துப் பார்த்தேன். சத்தம் வருகிற போர்டு கருகிப் போயிருந்தது. விரலால் அமுக்குகிற கட்டைகள் பெரும்பாலும் நன்றாக இருந்தன. "சத்தம் செத்துடுச்சி. கை உயிரோட இருக்குது" என்றேன்.

அதற்கு ஒரு வயர் கொடுத்து, பழைய லேப்டாப்பில் மாட்டச் சொன்னது நான்தான். அதில் ஒன்றும் பெரிய வித்தையில்லை. அந்த வயரில் சத்தம் போகாது. எந்தக் கட்டையை அமுக்கினான், எவ்வளவு அழுத்தமாக அமுக்கினான், எப்போது விட்டான் என்கிற சேதி மட்டும் போகும். அந்தச் சேதியை வைத்துக்கொண்டு லேப்டாப் எந்த வாத்தியத்தின் சத்தத்தை வேண்டுமானாலும் போடும். திரையில் ஒவ்வொரு அமுக்கலும் ஒரு பட்டையாக விழும். அமுக்கின இடத்தில் பட்டை ஆரம்பிக்கும், விட்ட இடத்தில் முடியும்.

அரிசி மூட்டை வைக்கிற அறையில் முட்டை அட்டைகளை ஒட்டி, அங்கேயே உட்கார்ந்துவிட்டான். ஹெட்செட் மாட்டிக்கொண்டால் பாட்டு அவனுக்கு மட்டும்தான். வெளியே இருப்பவர்களுக்குக் கட்டை அமுங்குகிற 'டொக்', விடும்போது சின்னதாக ஒரு 'க்ளிக்', அவ்வளவுதான் கேட்கும். முதல் தடவை அவன் அப்படி வாசிப்பதைப் பார்த்தபோது எனக்கு என்னவோ போல இருந்தது. கண்ணை மூடி, தலையை ஆட்டி, முகத்தில் அழுகை மாதிரி ஏதோ ஓடுகிறது. அறையில் டொக், க்ளிக், டொக் டொக், க்ளிக். வேறொன்றும் இல்லை.

அடுத்த வீட்டுச் சின்னபொண்ணு அவன் பெண்டாட்டி வெண்ணிலாவிடம் கேட்டிருக்கிறாள். "இன்னாடி, உங்கூட்டுக்காரு கதவ சாத்திக்கினு பல்லாங்குழி ஆடுறாரா?"

"ஆடட்டும். வெளிய போயி ஆடுறதுக்கு இது மேலு" என்றாளாம் வெண்ணிலா.

வெண்ணிலாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அனந்தபுரம் பக்கத்துப் பெண். அங்கன்வாடியில் ஆயா. எதற்கும் அசராத ஆள். மேல்மலையனூருக்கு அமாவாசைக்குப் போவார்கள். அங்கே சாமி வந்து ஆடுகிற பெண்களைப் பார்த்தால், "எனக்கு வீட்டு வேலைக்கே நேரம் பத்தல, இதுங்களுக்கு எங்கேருந்துதான் நேரம் வருதோ" என்று என்னிடமே சொல்லியிருக்கிறாள்.

போன ஆனி கடைசியில் ஜெகதீசனுக்கு ஒரு வேலை வந்தது. விழுப்புரம் தாண்டி ஒரு ஊர். பேர் வேண்டாம். அங்கே ஆடி மூணாம் வெள்ளிக்கு அங்காளம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறார்கள். விழாக் குழுவில் சக்கரபாணி என்று ஒருவர், ஊருக்கென்று ஒரு பாட்டு வேண்டும், பம்பை அதிர வேண்டும் என்று கேட்டார்.

லேப்டாப்பில் பம்பைச் சத்தம் இல்லை. இருவரும் என் வண்டியில் செஞ்சி வழியாக மேல்மலையனூர் போனோம். அங்கே அப்பாதுரை என்று ஒரு பம்பைக்காரர். எங்கள் வயசுதான், வாய் கொஞ்சம் நீளம். அமாவாசை இல்லாத நாள் என்பதால் கடைத்தெருவில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்கள். பம்பை, உடுக்கை, கைச்சிலம்பு எல்லாவற்றையும் ஒவ்வொரு அடியாகத் தனித்தனியே அடிக்கச் சொல்லி மைக்கில் பிடித்தான் ஜெகதீசன்.

"இன்னாய்யா இது, ஆட்டுக்கறி வாங்குற மாதிரி தலை தனியா, கால் தனியா வாங்குற?" என்றார் அப்பாதுரை.

"கட்டைக்கு ஒரு அடியா வச்சிக்குவேன். அப்புறம் நான் அமுக்குறப்பல்லாம் நீ அடிப்ப."

"நான் வூட்ல தூங்கிக்கினு இருந்தாலுமா?"

"தூங்கு."

அப்பாதுரை சிரித்தார். கிளம்பும்போது மட்டும் சிரிப்பில்லாமல் சொன்னார். "தபாரு. அழைப்பு வாசிச்சீன்னா மலையேத்திட்டுத்தான் எழுந்திருக்கணும். கூப்ட்டுட்டு நடுவுல வுட்டுட்டுப் போவக்கூடாது. எங்காளுங்க சோறு கூட அதுக்கப்புறந்தான் துன்னுவோம்."

பம்பைக்காரர்களின் வழக்கம் அது. முதலில் சாமியை அழைக்கிற அடி. சாமி வந்து வாக்குச் சொன்ன பிறகு, அனுப்பி வைக்கிற அடி. பின்னதைத்தான் மலையேற்றுவது என்பார்கள்.

"கம்ப்யூட்டர்ல இன்னா சாமி வரப்போவுது" என்றான் ஜெகதீசன். நானும் சிரித்தேன். அதை மறைக்கக் கூடாது.

பாட்டு நாலு நிமிஷம். முழுக்க அழைப்புதான். சனங்களுக்கு அந்த வேகம்தான் பிடிக்கும் என்று சக்கரபாணி சொல்லியிருந்தார். கடைசியில் கைச்சிலம்பு. அதை வைத்திருந்த கட்டை மழையில் நனைந்ததிலேயே மோசமானது. அமுக்கினால் சேதி போகும்; விட்டால் சில நேரம் போகாது. நாம் கையை எடுத்துவிடுவோம், லேப்டாப் இன்னும் அமுக்கியிருப்பதாகவே நினைத்துச் சிலம்பை ஆட்டிக்கொண்டே இருக்கும். அன்றைக்கும் அப்படித்தான் ஆனது. என்னிடம் கொண்டுவந்தால் பத்து நிமிஷ வேலை. அவன் சோம்பல் பட்டு, சத்தத்தை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துப் பாட்டை முடித்துவிட்டான். கேட்கிறவர்களுக்குத் தெரியாது.

சனிக்கிழமை மத்தியானம் ஹெட்செட் மாட்டிக்கொண்டு கடைசியாக ஒரு தரம் கேட்டுக்கொண்டிருந்தான். அறைக் கதவு திறந்திருந்தது. கூடத்தில் வெண்ணிலா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். தற்செயலாக எட்டிப் பார்த்திருக்கிறான். முறம் பாட்டின் தாளத்தில் போய்க்கொண்டிருந்தது.

ஹெட்செட்டைக் கழற்றினான். கூடத்தில் பாட்டு இல்லை. காக்கா கத்துகிறது, முறம் சரக் சரக் என்கிறது. திரையைப் பார்த்தான். அங்கே பாட்டு ஓடுகிற இடத்தைக் காட்டும் கோடு ஒவ்வொரு பட்டையைத் தொடும்போதும் இங்கே முறம் எழுந்தது. ஒரு அடி பிசகவில்லை. பாட்டு வேகம் எடுத்தது. அரிசி கொட்டிப் போனது. வெற்று முறம் எழுந்து விழுந்தது. கொண்டை அவிழ்ந்தது. அவன் பதறிப்போய்ப் பாட்டை நிறுத்தினான்.

அவள் நிறுத்தவில்லை.

எனக்குப் போன் வந்தது. "அண்ணா, ஜல்தி வாண்ணா. வெண்ணிலாவப் பாரு."

நான் போனபோது சின்னபொண்ணு அவளைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டிருந்தாள். எலுமிச்சம்பழம், விபூதி எல்லாம் ஆயிற்று. சூடம் ஏற்றி, "யாரும்மா வந்திருக்கிறது? இன்னா வேணும் சொல்லும்மா" என்று சின்னபொண்ணு கெஞ்சினாள். எத்தனையோ திருவிழாவில் மைக் பிடித்தவன் நான். சாமி வந்தவள் கத்துவாள், திட்டுவாள், ஏதாவது கேட்பாள். வெண்ணிலா வாயே திறக்கவில்லை. கண் திறந்திருந்தது. முகத்தில் கோபம் இல்லை, சிரிப்பு இல்லை. வலது கை மட்டும் தொடையில் விழுந்துகொண்டிருந்தது. கூப்பிட்டு உள்ளே உட்காரவைத்துவிட்டு வீட்டுக்காரர்கள் எழுந்து போய்விட்டால் வந்தவர் எப்படி உட்கார்ந்திருப்பார், அப்படி இருந்தது.

மூன்று மணி நேரம் கழித்து உடம்பு தளர்ந்து தானாகச் சாய்ந்தாள். எழுந்ததும், "யாரு அரிசியக் கொட்டனது?" என்றாள். தொடை நீலமாகிக் கன்றியிருந்தது. தூங்கும்போதும் அவள் கால் கட்டைவிரல் லேசாக ஆடியது என்றான் ஜெகதீசன்.

ஞாயிற்றுக்கிழமை விழுப்புரத்தில் டாக்டரிடம் காட்டினார்கள். தலையை ஸ்கேன் எடுத்து, ஒன்றும் இல்லை, அலுப்பு என்று மாத்திரை கொடுத்தார். போன இடத்தில் பாட்டைச் சக்கரபாணியின் போனுக்கு அனுப்பிவிட்டான் ஜெகதீசன். இரண்டுக்கும் தொடர்பு இருக்கும் என்று அவன் மனசு சொன்னது, ஒப்புக்கொள்ள வெட்கம்.

திங்கட்கிழமை லேப்டாப் வீட்டில் பூட்டிக் கிடந்தது. அவன் எடைமேடையில். பதினோரு மணிக்கு அங்கன்வாடியில் சத்துமாவு கிளறிக்கொண்டிருந்த வெண்ணிலாவின் கரண்டி தாளம் போட ஆரம்பித்தது. ஏதோ விளையாட்டு என்று நினைத்துப் பிள்ளைகள் கை தட்டியிருக்கின்றன. பதினாறு பிள்ளைகளும் ஒரே மாதிரி. சாப்பாடு வாங்கிப்போக வந்த ஒரு தாய் அதைப் பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றுவிட்டாளாம்.

ஜெகதீசனுக்குச் சேதி வந்த அதே நேரம் சக்கரபாணியும் போன் போட்டார். "தம்பி, பாட்டு பிரமாதம்! இப்பதான் செட்டுல போட்டுப் பாக்குறோம். ஊரே அதிருது!"

"நிறுத்துங்க. சார், நிறுத்துங்க!"

"ஏன் தம்பி?"

நிறுத்தினார்கள். ஐம்பது கிலோமீட்டருக்கு இந்தப் பக்கம் வெண்ணிலாவின் கை நிற்கவில்லை. சாயங்காலம்தான் நின்றது. உள்ளங்கையில் தோல் கிழிந்திருந்தது. மறுநாள் செவ்வாய்க்கிழமையும் அப்படியே. ஊர் இளவட்டங்கள் போனில் ஐம்பது அறுபது பேர் பாட்டை வாங்கிக்கொண்டுவிட்டார்கள், திருப்பிக் கேட்டால் எங்கே வரும் என்றார் சக்கரபாணி. வெள்ளிக்கிழமை காலையிலிருந்து இரவு வரை ஒலிபெருக்கியில் அதுதான் ஓடப்போகிறது.

ஒரு தரம் ஓடினதற்கே மூன்று மணி நேரம். ஒரு நாள் முழுக்க ஓடினால் அந்த உடம்பு தாங்காது. ஜெகதீசன் என் கடையில் உட்கார்ந்து, "செத்துடுவாண்ணா" என்றான். அன்றைக்கு அவன் விரல் எதையும் தட்டவில்லை.

புதன்கிழமை மறுபடி மேல்மலையனூர். அப்பாதுரை பம்பைக்கு வார் இழுத்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் கேட்டார்.

"எப்படி முடிச்ச?"

"சத்தத்தக் கொறைச்சி."

"யோவ்! மெதுவாப் பேசுனா போயிட்டதா அர்த்தமா? வாசல்லயே நின்னு மெதுவாக் கூப்டுக்கினே இருக்குற நீ!"

"நீ வந்து மலையேத்திக் குடு அப்பாதுரை. கால்ல வுழறேன்."

"வுழாத. நான் வந்து ஆவாது. அழைச்சது யாரு கையி? உங்கையி. என்னுது வெறும் சத்தம், அத்தத்தான் அன்னிக்கே நீ வாங்கிக்கினு போயிட்டியே. யார் கூப்ட்டானோ அவன்தான் அனுப்பணும்." வாரைக் கீழே போட்டுவிட்டு ஒன்றை மட்டும் சொன்னார். "அடி கொறையக்கூடாது. மொத அடி எவ்ளோ பலமோ கடைசி அடியும் அவ்ளோ பலம். இடைவெளிதான் கூடணும். கூடிக்கினே போவணும். கடைசியா சிலம்ப ஒருதரம் ஆட்டிட்டு, கைய எடுத்துடணும். எடுத்தது எடுத்ததா இருக்கணும்."

வீட்டுக்கு வந்ததும் ஜெகதீசன் லேப்டாப்பைத் திறந்து என்னைக் கூப்பிட்டான். பாட்டின் பட்டைகள் எல்லாம் வரிசையாகக் கிடந்தன. கடைசியில் சிலம்புப் பட்டை ஆரம்பித்து வலது பக்கம் போனது. அவன் திரையைத் தள்ளிக்கொண்டே போனான். பத்து நிமிஷம், இருபது நிமிஷம், ஒரு மணி நேரம். பாட்டு நாலு நிமிஷம்தான். பட்டைக்கு முடிவு இல்லை.

"மூடுடா அத்த" என்றேன்.

வியாழக்கிழமை காலை கீபோர்டைப் பிரித்தேன். அந்தக் கட்டைக்குக் கீழே ரப்பரில் திருவாமாத்தூர் மழையோடு வந்த மண் இன்னும் காய்ந்து ஒட்டியிருந்தது. துடைத்து, ரப்பரை மாற்றிப் பூட்டினேன். அமுக்கினால் டொக், விட்டால் க்ளிக். திரையில் பட்டை ஆரம்பித்து முடிந்தது. இருபது தடவை பார்த்தேன்.

வெண்ணிலா கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். அந்த நேரம் அவளுக்கு ஒன்றும் இல்லை. கையில் கட்டு. "எனக்கு என்னமோ ஆவுது, நீங்க ரெண்டு பேரும் சொல்ல மாட்டேங்கிறீங்க" என்றாள். ஜெகதீசன் அவளை அறைக்குள் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்தான். ஹெட்செட் மாட்டவில்லை. ஸ்பீக்கரிலேயே போட்டான். அழைப்பு ஆரம்பித்ததும் அவள் கண் மாறியது. கை எழுந்தது. அழைப்பு முடிகிற இடத்தில் அவன் வாசிக்க ஆரம்பித்தான்.

பலமாக அடித்தான். இடைவெளி கூடியது. அவள் கையும் அந்த இடைவெளிக்குக் காத்திருந்து விழுந்தது. இன்னும் கூடியது. ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவில் நான் மூச்சு விடவில்லை. அவன் சிலம்புக் கட்டையை அமுக்கினான். அறை முழுக்கச் சிலம்பு. கையை எடுத்தான். க்ளிக்.

வெண்ணிலாவின் கை மடியில் படுத்தது. ரொம்ப தூரம் நடந்து வந்தவள் மாதிரி ஒரு பெருமூச்சு விட்டாள். "தாகமா இருக்குதுங்க" என்றாள்.

வெள்ளிக்கிழமை விடிவதற்குள் ஜெகதீசன் மலையேற்றுகிற அடியும் சேர்ந்த புதுப் பாட்டைப் பென்டிரைவில் எடுத்துக்கொண்டு அந்த ஊருக்குப் போய்விட்டான். பழசில் கரகரவென்று சத்தம் வருகிறது என்று பொய் சொல்லி, இளவட்டங்கள் போனிலெல்லாம் பழசை அழித்துப் புதுசை ஏற்றினான். பிறகு ஆம்ப்ளிஃபையர் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டான். பாட்டைப் பாதியில் யாரும் மாற்றக் கூடாது. கூழ் குடிக்கக் கூட எழுந்திருக்கவில்லை. "இன்னா தம்பி, முட்டை மேல கோழி உக்காந்த மாதிரி உக்காந்துக்கினு இருக்க?" என்று சக்கரபாணி கிண்டல் செய்திருக்கிறார்.

இங்கே நானும் சின்னபொண்ணும் வெண்ணிலாவோடு இருந்தோம். காலையிலிருந்து அவள் கை அவ்வப்போது எழும், கொஞ்ச நேரம் தாளம் போடும், இடைவெளி கூடும், மடியில் படுக்கும். சுவரில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு தடவையும் பாட்டின் நீளம் எவ்வளவோ அவ்வளவு. நடுவில் சின்னபொண்ணோடு ஊர்க் கதையும் பேசினாள், வெங்காயமும் உரித்தாள். அதைப் பார்க்கத்தான் எனக்கு அதிகமாகக் குளிரெடுத்தது.

மூணு மணி பத்து நிமிஷம். அழைப்பு உச்சத்துக்குப் போகிற இடம். அவள் சட்டென்று எழுந்து நின்றாள். இரண்டு கையும் மேலே போய் அப்படியே நின்றன. கீழே வரவில்லை. மூச்சும் வரவில்லை. முகம் கறுத்துக்கொண்டே போனது.

"ஏ வெண்ணிலா! மூச்சு வுடுடி! வுடுடி!" சின்னபொண்ணு அவள் முதுகில் அடித்தாள்.

ஜெகதீசனுக்குப் போன் போட்டேன். மணி அடித்தது, எடுக்கவில்லை. அந்த ஊரில் அந்த நிமிஷம் கரண்ட் போயிருந்தது. பாட்டு பாதியில் அறுந்தது. முன்பு பாட்டை நிறுத்தினாலும் அந்த முடியாத சிலம்பு அவள் கையை இழுத்துக்கொண்டே போகும்; இப்போது பாட்டு அறுந்த இடத்திலேயே அவளும் நின்றுவிட்டாள். ஜெனரேட்டர்காரன் டீ குடிக்கப் போயிருந்தான். லேப்டாப் இல்லை, கீபோர்டு இல்லை. ஜெகதீசன் ஸ்டூலைத் தள்ளிவிட்டு, ஆம்ப்ளிஃபையர் வைத்திருந்த மரப்பெட்டி முன்னால் முட்டி போட்டு, வெறும் கையால் மலையேற்றுகிற அடியை அடிக்க ஆரம்பித்திருக்கிறான். எடைமேடை மேஜையில் வருஷக் கணக்கில் தட்டின அதே கை. சனம் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தது. அவனுக்குச் சாமி வந்துவிட்டது என்று ஒரு கிழவர் விபூதி கொண்டுவந்தார்.

இங்கே வெண்ணிலாவின் கை கீழே விழுந்தது. மூச்சு வந்தது. மறுபடி எழுந்தது, விழுந்தது. இடைவெளி கூடியது. அதில் ஒரு அடிக்காக நாங்கள் அவ்வளவு நேரம் காத்திருந்தோம். இனி வராது என்றே நினைத்தேன். வந்தது. பிறகு அவள் உட்கார்ந்தாள்.

கொஞ்ச நேரத்தில் போன் வந்தது. "அண்ணா..." என்றான்.

"வெங்காயம் உரிக்கிறா" என்றேன்.

அந்த ஊருக்கு அந்தப் பாட்டு அந்த ஒரு நாளோடு சரி. கேட்டு வாங்கி எல்லார் போனிலிருந்தும் அழித்துவிட்டு வந்தான். லேப்டாப்பில் இருந்ததும் போனது. கீபோர்டிலிருந்து வயரைக் கழற்றி, துணி போட்டு மூடி, அதே அறையில் அரிசி மூட்டை மேல் வைத்திருக்கிறான். விற்கச் சொன்னேன். "யார் வூட்டுக்குண்ணா அனுப்பறது?" என்றான். எடைமேடையில் இப்போதெல்லாம் அவன் விரல் ஆடுவதில்லை. சீட்டு அச்சாகிற வரை இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொள்கிறான். லாரிக்காரர்கள், "இன்னா, கச்சேரி இல்லியா?" என்று கேட்டு அலுத்துவிட்டார்கள்.

போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவன் வீட்டுக்குப் போயிருந்தேன். மூன்று பேரும் கூடத்தில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தோம். வெண்ணிலா அங்கன்வாடியில் ஒரு பிள்ளை செய்த சேட்டையைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள். மூடியிருந்த அறைக்குள் 'டொக்' என்று ஒரு சத்தம் கேட்டது.

வெண்ணிலா பேச்சை நிறுத்தவில்லை. அவள் வலது பாதம் மட்டும் தரையிலிருந்து இரண்டு விரல் உயரம் எழுந்து, அங்கேயே நின்றது. அவள் அதைக் கவனிக்கவில்லை.

ஜெகதீசன் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து அறைக்குள் போனான். அவசரம் இல்லை, அடுப்பை அணைக்கப் போகிறவன் மாதிரி போனான். துணியை விலக்குகிற சத்தம் கேட்டது. பிறகு சின்னதாக ஒரு க்ளிக்.

பாதம் தரையில் இறங்கியது.

"காப்பி ஆறிடப் போவுதுண்ணா, குடிங்க" என்றாள் வெண்ணிலா.